தேசிக்காயா, கார்போகரிசியா, றெட்டினோலா: நாற்பதைத் தாண்டிய முகத்துக்கு எதைப் பூசுவது?

கேள்வி கேட்டவர் உப்புவெளியில் இருந்து ஸ்கூட்டியில் நகரத்துப் பாடசாலைக்குப் போய்வரும் ஓர் ஆசிரியை. வயது 43. கன்னத்தில் மங்கு விழத் தொடங்கியிருக்கிறது, கண்ணோரத்தில் கோடுகள் தெரிகின்றன. கனடாவில் இருக்கும் அக்கா றெட்டினோல் என்ற விற்றமின் ஏ பூச்சும் விற்றமின் சி சீரமும் அனுப்பியிருக்கிறார். அம்மாவோ, அதெல்லாம் மருந்து, தேசிக்காயும் கார்போகரிசி என்ற மூலிகை விதையின் பொடியும் போதும் என்கிறார். சந்தையில் வாங்கிவைத்த 'மூலிகை நைட் கிறீம்' ஒன்றும் திறக்காமல் கிடக்கிறது. இதில் எதைப் பூசுவது, செடியில் இருந்து வந்தது என்றால் பாதுகாப்புத்தானே என்று கேட்டிருக்கிறார்.

ரீச்சர், நான் திருகோணமலையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பவற்றில் உண்மையில் வேலை செய்யக்கூடியவை றெட்டினோலும், கெட்டுப்போகாமல் இருந்தால் விற்றமின் சியும்தான். தேசிக்காயையோ கார்போகரிசியையோ பூசிக்கொண்டு எங்கள் ஊர் வெய்யிலில் இறங்கினால் முகம் பொசுங்கும். நைட் கிறீமைத் திறக்கவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் முதல் வாங்கியிருக்க வேண்டிய சாமான் உங்கள் பட்டியலிலேயே இல்லை. அது சன்ஸ்கிறீன்.

முகம் முதிர்வதற்கு வயது ஒரு காரணம், வெய்யில் அதைவிடப் பெரிய காரணம். தோலின் உள்ளடுக்கை இறுக்கிப் பிடித்திருக்கும் புரதம் கொலாஜன். இருபதுகளுக்குப் பிறகு அது வருடத்துக்கு ஏறக்குறைய 1 வீதம் குறைந்துகொண்டு வரும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் 5 வருடங்களுக்குள் 30 வீதம் வரை போய்விடும். இதைத் தடுக்க ஒருவராலும் முடியாது. ஆனால் வெய்யிலில் இருக்கும் யூ.வி.ஏ. என்ற நீண்ட அலைப் புறஊதாக் கதிர், உள்ளடுக்கு வரை இறங்கி, கொலாஜனை வெட்டும் நொதியங்களைத் தூண்டிவிடுகிறது. அந்தச் சேதத்தைத் தடுக்கலாம்.

2012 இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு லொறிச் சாரதியின் படம் வந்தது. வயது 69, 28 வருடம் லொறி ஓட்டியவர். யன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் தடித்து, ஆழமாகச் சுருங்கித் தொங்கிக் கிடந்தது. வலது கன்னத்தில் அவ்வளவு இல்லை. ஒரே ஆள், ஒரே வயது, ஒரே சாப்பாடு. யூ.வி.பி. என்ற குறுகிய அலைப் புறஊதாக் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் மறிக்கும், யூ.வி.ஏ.யை விட்டுவிடும். எங்கள் நாட்டில் சாரதி இருப்பது வலப்பக்கம். வருடக்கணக்காகக் கொழும்பு பஸ் ஓட்டுகிற ஒருவரின் இரண்டு கன்னத்தையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

திருகோணமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில்தான் இருக்கிறது. நடுப்பகலில் புறஊதாச் சுட்டெண் வருடத்தின் பெரும்பகுதி 10, 11 என்றுதான் நிற்கும். 11 ஐத் தொட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அது உச்சத் தரம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் மேலிருந்து வருவது மட்டும் கணக்கில்லை. காய்ந்த கடல் மணல் 15 வீதம் வரையும் அலை நுரை 25 வீதம் வரையும் கதிரைத் திருப்பி முகத்தில் அடிக்கும். குடை பிடித்தாலும் கீழிருந்து வரும்.

விற்றமின்களைப் பற்றிப் பேசும்போது நான் எப்போதும் ஓர் ஆய்வைச் சொல்வேன். அவுஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை நாலரை வருடம் பின்தொடர்ந்தார்கள். ஒரு பகுதியினர் தினமும் சன்ஸ்கிறீன் பூசினார்கள், மற்றவர்கள் தங்கள் இஷ்டப்படி. இன்னொரு பக்கம், சிலருக்கு, உடம்பு விற்றமின் ஏ ஆக்கிக்கொள்ளும் பீற்றா கரோட்டீன் மாத்திரை தினமும், சிலருக்கு வெறும் மாத்திரை. 2013 இல் முடிவு வெளிவந்தது. தினமும் சன்ஸ்கிறீன் பூசியவர்களின் தோல் முதிர்வு மற்றவர்களைவிட 24 வீதம் குறைவு. பீற்றா கரோட்டீன் மாத்திரையால் தோல் முதிர்வில் மொத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. விற்றமின் மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சன்ஸ்கிறீனைக் காட்டுவது இதனால்தான்.

சரி, எதை வாங்குவது? சன்ஸ்கிறீன் போத்தலில் எஸ்.பி.எஃப். என்று போட்டிருக்கும் பாதுகாப்பு இலக்கம் 30 ஆக இருந்தால் போதும். அது யூ.வி.பி.யில் 97 வீதத்தை மறிக்கும், 50 என்று போட்டது 98 வீதத்தை மறிக்கும். இலக்கத்தைவிட அளவு முக்கியம். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் காணும். அரைவாசி பூசினால் போத்தலில் எழுதியிருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. யூ.வி.ஏ.க்கு பி.ஏ. என்று எழுதி மூன்று கூட்டல் குறியாவது போட்டிருக்க வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு இன்னொன்று. எங்கள் நிறத் தோலில் முதுமை முதலில் சுருக்கமாக வராது, திட்டாகவும் மங்காகவும்தான் வரும். அந்த மங்கைக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கூட்டும். வெள்ளை சன்ஸ்கிறீன் அதை மறிக்காது, இரும்பு ஒட்சைட் சேர்ந்த, தோல் நிறத்தில் வருகிற சன்ஸ்கிறீன் மறிக்கும். உங்களுக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன். பூசினால் முகம் வெளிறித் தெரியும் என்ற கவலையும் இல்லை.

இனி அக்கா அனுப்பிய றெட்டினோல். இது விற்றமின் ஏ குடும்பம். தோலுக்குள் போய் இரண்டு படிகளில் றெட்டினோயிக் அமிலமாக மாறும். அந்த அமிலம் புதுக் கலங்களை வேகமாக மேலே தள்ளும், கொலாஜன் உற்பத்தியைக் கூட்டும், கொலாஜனை வெட்டும் நொதியங்களை அடக்கும். அதே அமிலத்தை நேரடியாக மருந்தாகப் பூசுவதுதான் ட்ரெட்டினோயின். அது முகப்பருவுக்கு வந்த மருந்து. வெய்யிலில் முதிர்ந்த தோலையும் அது திருத்துகிறது என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் அல்பேர்ட் கிளிக்மனும் கூட வேலை செய்தவர்களும் 1986 இல் எழுதினார்கள். 1995 இல் அமெரிக்க அரசு அதை அந்தத் தேவைக்கே அனுமதித்தது. பூசுகிற முதுமை மருந்துகளில் இவ்வளவு நீண்ட சாட்சி உள்ளது வேறில்லை. ட்ரெட்டினோயினுக்கு டொக்டரின் சீட்டு வேண்டும். றெட்டினோல் அதைவிட மெதுவானது, கடையிலேயே கிடைக்கும்.

செடியில் றெட்டினோல் கிடையாது. கரட்டிலும் முருங்கை இலையிலும் பப்பாசியிலும் இருப்பது பீற்றா கரோட்டீன். சாப்பிட்டால் உடம்பு அதை விற்றமின் ஏ ஆக்கிக்கொள்ளும், கட்டாயம் சாப்பிடுங்கள். ஆனால் கரட்டை அரைத்து முகத்தில் வைத்தால் றெட்டினோல் பூசிய பலன் வராது.

இந்த இடத்தில்தான் அம்மாவின் கார்போகரிசி வருகிறது. அம்மா சொல்வதைச் சும்மா தள்ளிவிட முடியாது. கார்போகரிசி விதையில் இருந்து 1966 இல் இந்திய இரசாயன அறிஞர்கள் பக்குச்சியோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இப்போது வெளிநாட்டு சீரங்களில் 'தாவர றெட்டினோல்' என்று விற்கப்படுவது இதுதான். வடிவத்தில் றெட்டினோலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தோலில் செய்யும் வேலைகள் பல ஒத்துப்போகின்றன. 2019 இல் பிரித்தானியத் தோல் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 44 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினர் 0.5 வீத பக்குச்சியோலை நாளுக்கு இரண்டு தரமும், மற்றவர்கள் 0.5 வீத றெட்டினோலை ஒரு தரமும் 12 கிழமை பூசினார்கள். சுருக்கத்திலும் கருமையிலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். றெட்டினோல் பூசியவர்களுக்குத் தோல் உரிதலும் எரிவும் கூடுதலாக இருந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் ஒழுங்காகச் செய்த ஆய்வு.

அப்படியென்றால் நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி வாங்கி அரைத்துப் பூசலாமே என்று கேட்பீர்கள். பூசக் கூடாது. அதே விதையில் சோராலென் என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. அது தோலில் ஏறிய பிறகு வெய்யில் பட்டால் தோலைப் பொசுக்கி, பிறகு கறுக்க வைக்கும். வெண்புள்ளிக்கு இந்த விதையைக் காலங்காலமாகப் பயன்படுத்தியதற்குக் காரணமே அந்தக் கறுக்க வைக்கும் குணம்தான். நவீன மருத்துவத்திலும் சோராலென் கொடுத்து, யூ.வி.ஏ.யை அளந்து காட்டும் சிகிச்சை இருக்கிறது. ஏற்கெனவே மங்கு உள்ள கன்னத்தில், நிறம் கூட்டும் பொருளைப் பூசிக்கொண்டு காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டியில் ஏறினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். நல்ல சீரத்தில் சோராலெனை நீக்கி, பக்குச்சியோலை மட்டும் சுத்தமாக எடுத்துச் சேர்த்திருப்பார்கள். வீட்டில் அரைக்கிற பொடியில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.

இதைச் சொல்வதால் நான் சித்த மருத்துவத்துக்கு எதிரானவன் என்று நினைக்க வேண்டாம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே அது பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. படித்த சித்த வைத்தியர் ஒரு சரக்கை எடுத்தால் சுத்தி செய்வார், அளவு பார்ப்பார், யாருக்கு எந்த நோய்க்கு என்று பார்த்துத்தான் கொடுப்பார். அந்தக் கவனம் எதுவும் இல்லாமல் வீடியோ பார்த்து அரைத்துப் பூசுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

தேசிக்காயிலும் இதே சிக்கல். தேசிக்காயில், முக்கியமாகத் தோலில், சோராலெனின் இனத்தைச் சேர்ந்த பொருட்கள் உண்டு. சாறு பட்ட இடத்தில் வெய்யில் அடித்தால் ஒன்றிரண்டு நாளில் சிவந்து கொப்பளிக்கும், பிறகு கறுப்புக் கோடாக மாதக்கணக்கில் நிற்கும். கல்யாண வீட்டுக்குச் சர்பத் கரைத்துவிட்டு அப்படியே வெய்யிலில் நின்றவர்கள், மணிக்கட்டில் சாறு வழிந்த தடம் வழிந்தபடியே கறுத்துப்போய் பாமசிக்கு வந்து காட்டியிருக்கிறார்கள். ஒவ்வாமை என்று நினைத்துத்தான் வருவார்கள்.

தேசிக்காயில் விற்றமின் சி இருக்கிறதே என்றால், இருக்கிறது, 100 கிராமில் ஏறக்குறைய 30 மில்லிகிராம். வீதமாகப் பார்த்தால் 0.03. தோலுக்குள் போய் வேலை செய்ய 10 முதல் 20 வீதம் தேவை. நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம். இடையில் புளிப்பின் எரிவு மட்டும் மிச்சம். கொய்யாப்பழத்தில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, நெல்லிக்காயிலும் நிறைய. இவற்றைச் சாப்பிடுங்கள். கொலாஜன் இழைகளை முறுக்கிக் கட்டும் நொதியத்துக்கு விற்றமின் சி இல்லாமல் வேலை ஓடாது.

சீரத்தில் உள்ளது பழத்தில் இருந்து வந்ததா தொழிற்சாலையில் செய்ததா என்று சிலர் கேட்பார்கள். அஸ்கோபிக் அமிலம் எங்கிருந்து வந்தாலும் அதே மூலக்கூறுதான். கேட்க வேண்டிய கேள்வி, அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது. காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் அதற்கு எதிரி. கனடாவில் ஒரு வருடம் தாங்குகிற போத்தல், மே முதல் ஆகஸ்ட் வரை 34, 35 பாகை கொதிக்கிற எங்கள் ஊர் அலுமாரியில் அவ்வளவு தாங்காது. ஒரு வெள்ளைச் சோசரில் ஒரு துளி விட்டு யன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீர் மாதிரி அல்லது மெல்லிய மஞ்சளாக இருந்தால் நல்லது. பிளேன்ரீ நிறத்துக்கு வந்திருந்தால் ஒட்சியேறிவிட்டது, பூசிப் பிரயோசனமில்லை. நல்லதாக இருந்தால் மூடியை இறுக்கி பிறிட்ஜில், கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே வையுங்கள். லேபலில் விற்றமின் ஈயும் பெரூலிக் அமிலமும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. நெல்லின் தவிட்டில் கூட இருக்கிற இந்தத் தாவர அமிலம், விற்றமின் சி கெடாமல் காக்கிறது. 15 வீத சி, 1 வீத ஈ கலவையில் 0.5 வீதம் பெரூலிக் அமிலம் சேர்த்தபோது வெய்யில் பாதுகாப்பு இரண்டு மடங்கானது என்று 2005 இல் காட்டினார்கள்.

விற்றமின் ஈ கப்ஸ்யூலைக் குத்தி முகத்தில் பூசுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். 1999 இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் அறுவைச் சிகிச்சைத் தழும்பில் அதைப் பூசினார்கள். தழும்பு திருந்தவில்லை, மூன்றில் ஒருவருக்குத் தோல் அழற்சி வந்தது.

விற்றமின்களில் எங்கள் சூட்டுக்கு மிகவும் ஒத்துவருவது பீ3, அதாவது நியாசினமைட். சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இலகுவில் கெடாது, எரியாது, விலையும் பரவாயில்லை. 4, 5 வீதம் உள்ளதை இரண்டு மூன்று மாதம் பூசினால் திட்டு மங்கும், தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும், மெல்லிய கோடுகளும் சற்றுக் குறையும்.

செடிகளில் நான் மதிப்பது வல்லாரை. நாங்கள் சம்பல் போட்டுச் சாப்பிடும் அதே வல்லாரைதான். அதில் உள்ள ஏசியாற்றிக்கோசைட், மடெகாசோசைட் என்ற பொருட்கள் காயம் ஆறவும் கொலாஜன் உருவாகவும் உதவும். கொரியக் கிறீம்களில் 'சிக்கா' என்று விற்பது இதைத்தான். றெட்டினோல் பூசி எரிகிற முகத்தை ஆற்ற நல்லது. கற்றாழையும் ஆற்றும், ஆனால் சுருக்கத்தைப் போக்காது. மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பால் அரிப்புக் கொடுக்கும். வெட்டிய பக்கத்தைக் கீழே பிடித்து நிமிர்த்தி வைத்து அது முழுக்க வடிந்த பிறகு, கழுவி, உள்ளே இருக்கும் கண்ணாடி மாதிரியான சதையை மட்டும் எடுங்கள். அதிமதுரச் சாறு மங்குக்குக் கொஞ்சம் உதவும். மஞ்சளில் உள்ள குர்குமின் தோலுக்குள் இறங்குவது மிகக் குறைவு, வெளிச்சத்தில் கெட்டும்போகும். தேங்காய் எண்ணெய் ஈரம் போகாமல் மூடிவைக்கும். உடம்புக்கு அருமையான சாமான், பரு வருகிற முகத்துக்குச் சரிவராது, சன்ஸ்கிறீனுக்குப் பதிலாக நிற்கவும் முடியாது.

கடையில் 'வல்லாரை கிறீம்' என்று வாங்கும்போது படத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. சேர்மானப் பட்டியல் கூடியதில் இருந்து குறைந்ததுக்கு எழுதப்படும். பீனொக்சிஎதனோல் என்ற பதப்படுத்தும் பொருளைத் தேடுங்கள். அது 1 வீதத்துக்கு மேல் போடப்படுவதில்லை. முன்பக்கத்தில் பெரிதாகப் படம் போட்ட மூலிகை அதற்குப் பின்னால் வந்தால், போத்தலில் இருப்பது 1 வீதத்துக்கும் குறைவு. றெட்டினோல் போன்றவை குறைந்த அளவிலேயே வேலை செய்யும், அவை பின்னால் வருவது பரவாயில்லை. மூலிகைச் சாறு பின்னால் வந்தால் அது பெரும்பாலும் பெயருக்குப் போட்டது.

இப்போது அந்த நைட் கிறீம். சேர்மானப் பட்டியல் இல்லை, செய்தவர் விலாசம் இல்லை, ஒரு கிழமையில் முகம் வெளுக்கும் என்று மட்டும் எழுதியிருக்கிறது என்றால், உள்ளே ஸ்டெரொயிட்டோ பாதரசமோ இருக்கலாம் என்றுதான் நான் எடுப்பேன். எந்த மூலிகையும் ஒரு கிழமையில் முகத்தை வெளுக்க வைக்காது. ஸ்டெரொயிட் தோலை மெல்லியதாக்கி, இரத்தக் குழாய் தெரிய வைத்து, முகத்தில் மயிர் வளர வைக்கும். பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கும். அழகுசாதனத்தில் அதற்கு உலக அளவில் முன்பு வைத்திருந்த எல்லையே பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான். ஏற்கெனவே மாதக்கணக்கில் இப்படியான கிறீம் பூசி வருகிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து கொதிக்கும். ரியூப்பையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போங்கள், படிப்படியாக விடுவிப்பார்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் ஒழுங்கு இதுதான். காலையில் முகம் கழுவி, நியாசினமைட் சேர்ந்த ஈரப்பூச்சு, அதன் மேல் சன்ஸ்கிறீன். விற்றமின் சி நல்ல நிலையில் இருந்தால் இரண்டுக்கும் கீழே. பாடசாலை விட்டு மத்தியான வெய்யிலில் வீட்டுக்குக் கிளம்ப முதல் சன்ஸ்கிறீனை இன்னொரு தரம் பூசுங்கள், முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட்டின் கண்ணாடியையும் இறக்கிவிடுங்கள். கையுறையும் போடுங்கள், புறங்கைதான் முதலில் வயதைக் காட்டும். 2022 க்குப் பிறகு இறக்குமதிச் சாமான் விலை எல்லாருக்கும் தெரியும். காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் சன்ஸ்கிறீன், இரண்டுக்குக் காணும் என்றால் கூட நியாசினமைட்.

றெட்டினோலை இப்போதே தொடங்க வேண்டாம். இது கச்சான் காற்றடிக்கும் காலம். அந்தக் காற்று தோலில் இருக்கிற ஈரம் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு போகும். அதோடு றெட்டினோலும் சேர்ந்தால் முகம் உரிந்து எரிந்து, இரண்டாம் கிழமையே தூக்கி எறிந்துவிடுவீர்கள். நவம்பரில் மாரி தொடங்கட்டும். காற்று ஈரமாக இருக்கும், வெய்யிலும் தணியும். அப்போது கிழமைக்கு இரண்டு இரவு, முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு கடலை அளவு எடுத்து முகம் முழுக்கப் பூசுங்கள். கண் இமைக்கும் உதட்டோரத்துக்கும் வேண்டாம். அதற்கு முன்னும் பின்னும் ஈரப்பூச்சு போட்டால் எரிவு குறையும். ஒரு மாதம் பழகிய பிறகு ஒன்றுவிட்ட இரவாகக் கூட்டலாம். பலன் தெரிய மூன்று மாதமாவது வேண்டும். முதலில் தோல் வழவழப்பாகும், கோடுகள் பிறகுதான். எந்தப் புதுச் சாமானையும் முகத்துக்கு முன்னால் முழங்கையின் உட்பக்கத்தில் சில நாட்கள் பூசிப் பாருங்கள். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் இந்தப் போத்தலை அவர்கள் தொட வேண்டாம், விற்றமின் ஏ குடும்பம் கர்ப்பத்தில் கூடாது. பக்குச்சியோலும் கர்ப்பிணிகளில் ஒழுங்காகச் சோதிக்கப்பட்டதில்லை, அதையும் தவிர்க்கட்டும்.

அம்மா அரைத்து வைத்திருக்கும் குளியல் மாவில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பயறும் ரோஜா இதழும் வெட்டிவேரும் மட்டும் என்றால் தாராளமாகத் தேய்த்துக் குளிக்கலாம், அழுத்தித் தேய்க்காமல் இருந்தால் சரி. கார்போகரிசி சேர்ந்திருந்தால் அடுத்த தடவை அதை விட்டுவிட்டு அரைக்கச் சொல்லுங்கள். அதுவரைக்கும் பொழுது பட்ட பிறகு மட்டும், முகத்தை விட்டு உடம்புக்கு, நன்றாகக் கழுவிவிடுகிற மாதிரி.